நாள் குறிப்பவர் யார்?

ஊர் கூடித் தேர் இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்பவர்க்குக் கூலி கிடையாது. பிடிக்க மறுத்தால் தண்டனையும் கிடையாது. ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. கணிப்பொறி உலகிலும் இத்தகைய தேர் ஒன்று உண்டு. டெபியன் என்னும் இயங்குதளமே அது. அத்தேர் நிலைக்கு வரும் நாளைக் குறிப்பவர் யார் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு, பிற நிரல்கள் இயங்க இடமளிக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். 1993 ஆகஸ்டு 16 அன்று இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் டெபியனைத் தொடங்கினார். தம் தோழி டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் இணைத்து அப்பெயரை அமைத்தார். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதனை ஆக்குபவர் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கட்டளையிடும் முதலாளி இல்லை.

முதலாளி இல்லாத இடத்தில் வேலை குறித்த நாளில் முடியுமா? அவசரத்தின் தீமையை டெபியன் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டது. 1995 இறுதியில், இன்னும் முடிவுறாத நிலையில் இருந்த டெபியனை ஒரு குறுந்தகடு நிறுவனம் 1.0 என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அரைவேக்காட்டை முழுச்சோறு என்று மக்கள் நம்பிவிடக் கூடாதல்லவா? எனவே திட்டத்தினர் 1.0 என்னும் எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்ற எண்ணுடன் தம் பதிப்பை வெளியிட்டனர்.

இனி, ஒரு பதிப்பு உருவாகும் முறையைக் காண்போம். புதிய நிரல் முதலில் 'நிலையற்றது' என்னும் பகுதியில் நுழைகிறது. இப்பகுதிக்கு 'சிட்' என்று பெயர். 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது! அங்கே சில நாட்கள் பெரும்பிழை ஏதுமின்றி இருந்தால், நிரல் 'சோதனை' என்னும் பகுதிக்கு ஏறுகிறது. பிறகு வருவது உறைநிலை. அன்றுமுதல் புதுமைக்குக் கதவு அடைக்கப்படும். பிழை திருத்தம் மட்டுமே நடைபெறும். வெளியீட்டைத் தடுக்கும் பெரும்பிழைகள் களையப்பட்ட பின்னரே அது 'நிலையானது' என்று அறிவிக்கப்படும்.

'ஆயத்தமாகும்போது வெளிவரும்' என்பதே அவர்களின் பழைய கொள்கை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 2002 ஜூலையில் 3.0 வெளிவந்தது, அடுத்த 3.1 வெளிவர 2005 ஜூன் ஆயிற்று. இடையில் 2003 நவம்பரில் திட்டத்தின் சேவையகங்களுக்குள் அந்நியர் புகுந்த துன்பமும் நேர்ந்தது. இக்காலத்திலேதான், 2004 அக்டோபரில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு தோன்றி, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்துப் புறப்பட்டது.

காலத்தாழ்வைப் போக்கப் பணம் உதவாதா? 2006இல் சிலர் நிதி திரட்டி, வெளியீட்டு மேலாளர் இருவர்க்கு ஊதியம் அளிக்க முற்பட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால், "இருவர்க்கு மட்டும் கூலி, ஏனையோர்க்கு இல்லையா?" என்ற மனக்கசப்பு எழுந்தது. சிலர் தம் உழைப்பைக் குறைத்துக்கொண்டனர். 2006 டிசம்பருக்குத் திட்டமிட்ட பதிப்பு 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வெளிவந்தது. வடம் பிடிப்போர் நடுவே கூலி புகுந்தால் கைகள் தளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2009இல் அவர்கள் வேறொரு வழியை நாடினர். வெளியீட்டு நாளைக் குறிப்பதற்கு மாறாக, உறைநிலைக்கு நாள் குறிப்பது என்று முடிவு செய்தனர். முதல் முயற்சியிலேயே அந்த நாள் தள்ளிப்போயிற்று. ஆயினும் எண்ணம் நிலைபெற்றது. இதன் நுட்பம் எளிது. எப்போது முடிப்போம் என்று உறுதி கூறுவது அரிது. எப்போது புதியதைச் சேர்ப்பதை நிறுத்துவோம் என்று உறுதி கூறலாம்.

இதற்குத் துணை நிற்பது செய்தி. 1999 முதல் பல ஆண்டுகள் அவர்கள் வாரந்தோறும் செய்திமடல் நடத்தினர். வெளியீட்டு வேலை எவ்வளவில் நிற்கிறது, பராமரிப்பாரின்றி அநாதையாய் நிற்கும் நிரல்கள் எவை என்பன போன்ற செய்திகள் அதில் வெளிவந்தன. ஒருவர் முகம் ஒருவர் அறியாத தன்னார்வலர்க்கு அச்செய்தியே மேற்பார்வையாளர். குறை எங்கே என்று தெரிந்தால்தானே கை கொடுக்க ஒருவர் முன்வருவார்?

தொடக்கத்தில் நானும் காலத்தாழ்வைச் சோம்பல் என்றே எண்ணினேன். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்றே பொருள் கொள்ளுகிறோம். தேரடியில் நிற்பவர்க்கோ, முட்டுக்கட்டை இல்லாமல் தேரைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது என்பது தெரியும். உறைநிலை அத்தகைய முட்டுக்கட்டையே. 2005க்குப் பின் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை டெபியன் தவறாது வெளிவருகிறது; 2025 ஆகஸ்டு 9 அன்று 13ஆம் பதிப்பும் வந்தது. அதை நிறுவும்போது தமிழையும் தேர்ந்துகொள்ளலாம்.

நாள் குறிப்பவர் யார் என்று கேட்டேன். தனி ஒருவர் அல்லர். எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட இடத்தில், நாள் தானே வந்து சேர்கிறது.