குழந்தைப் பள்ளியில் முதலுதவி

விழாமல் நடை பயின்ற குழந்தை எந்த ஊரிலும் இல்லை. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால், முழங்கால் சிராய்வதும், கதவிடுக்கில் விரல் நசுங்குவதும், மூக்கினுள் புளியங்கொட்டை புகுவதும் அன்றாட நிகழ்ச்சிகளே. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், சிற்றூர்ப் பிள்ளைகளும் அங்கன்வாடியில் ஒன்றுகூடலாயினர். அங்கே மருத்துவர் இருப்பதில்லை; ஆசிரியையின் இரு கைகளே உண்டு. அக்கைகளைப் பழக்குவது எவ்வாறு?

பழக்குவதினும் கடினம், பழைய வழக்கங்களை மறக்கச் செய்வது. கொதிக்கும் கஞ்சி கையில் பட்டதும் மையைத் தடவுவோர் உண்டு. மாவையும் பற்பசையையும் அப்புவோரும் உண்டு. இவை எரிச்சலைத் தணிப்பதுபோல் தோன்றலாம். ஆனால் புண்ணின் ஆழத்தை மருத்துவர் காணவொட்டாமல் மறைத்துவிடுகின்றன. பனிக்கட்டி சேர்க்காத குளிர்ந்த நீரை 20 நிமிடம் புண்ணின்மேல் ஓடவிடுவதே முறை.

மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பதும் இத்தகைய பிழையே. இரத்தம் தொண்டைக்குள் இறங்கிப் பிள்ளை வாந்தி எடுக்கக்கூடும். சற்றே முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரல்களால் 10 நிமிடம் விடாது அழுத்த வேண்டும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் இரண்டாம் நிமிடத்திலேயே விரலை எடுத்துப் பார்த்துவிடுவார். ஆகவே பயிற்சியில் ஆசிரியைகள் கடிகாரத்தை எதிரில் வைத்து, ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துப் பழகுதல் நலம். பத்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அப்பொழுதுதான் விளங்கும். சிரிப்பும் வரும், வரட்டும்.

மூக்கினுள் புகுந்த கொட்டையைக் குச்சியால் நோண்டுதல் கூடாது. அது மேலும் உள்ளே போகும். மருத்துவரிடம் அனுப்புவதே தக்கது.

தலையில் அடிபடுவதுதான் நெஞ்சை உறுத்துவது. விழுந்த பிள்ளை சற்றே அழுதுவிட்டு விளையாடப் போய்விடலாம். தாயிடம் சொன்னால் ஏச்சு வருமே என்று அஞ்சி ஆசிரியை அதை மறைத்தால், இரவில் வரும் வாந்தியை உணவின் கோளாறென்றும், எழுப்ப முடியாத மயக்கத்தை உறக்கமென்றும் அத்தாய் எண்ணிவிடுவாள். எத்தனை மணிக்கு, எங்கிருந்து விழுந்தான், பின்னர் எவ்வாறு இருந்தான் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அவளிடம் நேரிலும் சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தியோ, மயக்கமோ, வலிப்போ கண்டால் காலந்தாழ்த்தாது 108 எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும்.

கட்டுப் போடுவதைக் காட்டிலும் இதற்குத் துணிவு மிகுதியாக வேண்டும் என்பது என் எண்ணம். மாலையில் தாய் வாயிலில் வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தையும் பயிற்சிக் கூடத்தில் நடித்துப் பார்க்கலாம்.