குறைந்த விலை யார் வயிற்றில்?

சர்க்கார் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்க டெண்டர் கேட்கிறார்கள். மூவர் விலை எழுதிப் போடுகிறார்கள். உறை பிரிக்கப்படுகிறது. எவர் குறைத்து எழுதினாரோ அவருக்கே வேலை. 'பொதுப்பணம் மிச்சம்' என்று கோப்பிலே குறிப்பும் ஏறிவிடுகிறது. எங்கிருந்து வந்தது அந்த மிச்சம், தோழர்களே? துடைப்பம் மூவருக்கும் ஒரே விலை. பினாயிலும் ஒரே விலை. குறைந்தது, துடைப்பம் பிடித்த கையின் கூலி!

இது நம் கற்பனை அல்ல. முதலாளித்துவத்தின் தாய்வீடாகிய பிரிட்டனின் பார்லிமெண்டே 1891-ல் இதை ஒப்புக்கொண்டது. சிட்னி பக்ஸ்டன் கொண்டுவந்த நியாயக்கூலித் தீர்மானம் அன்று நிறைவேறிற்று. சர்க்கார் வேலையை எடுப்பவர் அந்தத் தொழிலில் வழங்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்றது அது. 1946-ல் அதைத் திருத்தி இன்னும் கூர்மையாக்கினார்கள். தொழிலாளி சங்கத்தில் சேரும் உரிமையைக் காண்ட்ராக்டர் மதிக்க வேண்டும். அவர் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சின்னக் காண்ட்ராக்டர் விதியை மீறினாலும் அவரே பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தீர்மானத்தின் பிரதியை வேலை நடக்கும் இடத்தில், தொழிலாளி கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். 1949-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதே கருத்தை 94-வது உடன்படிக்கையாக்கியது.

பிறகு வந்தது தாட்சர் ஆட்சி. 1983-ல் தீர்மானம் ரத்து! 1988-ல் ஒரு சட்டம், நகரசபைகளின் கையையும் கட்டிப்போட்டது. காண்ட்ராக்டர் தம் ஆட்களுக்கு என்ன கொடுக்கிறார், எப்படி நடத்துகிறார் என்பதெல்லாம் 'வியாபாரத்துக்குச் சம்பந்தமற்ற' விஷயமாம். அதைக் கணக்கில் எடுக்கவே கூடாதாம். கூலி வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லை என்றால், வேறு எதுதான் சம்பந்தம்?

அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது? 2018 ஜனவரியில் காரிலியன் என்ற ராட்சதக் கம்பெனி கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி கட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, சிறைச்சாலையைப் பராமரிப்பது எல்லாம் அதன் கையில். தனக்குச் சரக்கும் வேலையும் கொடுத்த சிறிய கம்பெனிகளுக்கு 120 நாள் கழித்துப் பணம் என்று அது தவணை வைத்திருந்தது. கவிழ்ந்தபோது அந்தச் சிறியவர்கள் நடுத்தெருவில்! அதன் பிறகே, 2019 செப்டம்பர் முதல், தனக்குக் கீழே உள்ளவருக்குக் காலத்தில் பணம் கொடாதவரைப் பெரிய ஒப்பந்தத்துக்கு வராமல் நிறுத்தலாம் என்று விதி செய்தார்கள்.

இதற்கிடையே 2012-ல் சமூகப் பயன் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. பொதுச் சேவைகளை வாங்கும்போது ஊருக்கு என்ன நன்மை என்று 'யோசிக்க வேண்டும்' என்றது. யோசித்தால் போதும்! யோசிப்பதற்கு என்ன செலவு? 2021 ஜனவரி முதல் மத்திய இலாகாக்களில் குறைந்தது நூற்றுக்குப் பத்து மார்க் இதற்கு என்றார்கள். வேலையற்றவருக்கு வேலை, பயிற்சி, ஊனமுற்றோருக்கு இடம், சுற்றுப்புறப் பாதுகாப்பு என்று வாக்குறுதி எழுதித் தந்தால் மார்க் உண்டு. இதை நாம் வரவேற்கிறோம். பத்து மார்க் பூஜ்யத்தைவிடப் பெரியது. ஆனால் அழகாக எழுதத் தெரிந்த பெரிய கம்பெனி பத்தையும் தட்டிக்கொண்டு போகும். நாணயமாகக் கூலி கொடுக்கும் சிறிய ஸ்தாபனம் எழுத ஆளில்லாமல் தோற்கும்.

நம் நாட்டிலோ 'எல்-1' என்ற சொல் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மனப்பாடம். 2012-ல் சிறுதொழில் கொள்முதல் ஆணை பிறந்தது. 2018-ல் அதைத் திருத்தினார்கள். மத்திய இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் நூற்றுக்கு 25 சிறுதொழில்களிடம், அதற்குள் 4 தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடம், 3 பெண்களிடம் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடு. விற்பவர் யார் என்று அது கேட்கிறது. அவரிடம் உழைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பது அந்த விகிதத்தில் இல்லை. 94-வது உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை.

பிரிட்டனின் புது மார்க்குத் திட்டத்தைப் புகழ்வோரை நாம் ஒன்று கேட்கிறோம். ஜெயித்த கம்பெனி தந்த வாக்குறுதி ஆபீசரின் கோப்பில் இருக்கிறது. 1946-ல் அது பட்டறைச் சுவரில் தொங்கியது. தொழிலாளி சாப்பாட்டு வேளையில் நின்று படித்தான், குறைந்த கூலி வாங்கியவன் விரலை வைத்துக் காட்டினான். மறுபடியும் எப்போது அதைச் சுவரில் மாட்டப்போகிறார்கள்?