'தானா விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடாதீர்கள்

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். அடிபட்டு வந்தவரின் பெயர், வயது, அங்க அடையாளம், காயத்தின் நீள அகலம் எல்லாம் எழுதிய பிறகு, எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் அடிபட்டது என்று பணியில் இருக்கும் டாக்டர் இரண்டு வரி எழுதுவார். இதன் நகலைத்தான் கோர்ட்டு வட்டாரத்தில் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். சைக்கிளில் போய் அடிபட்ட பலர் தங்கள் வழக்கைத் தாங்களே தோற்கடித்துக்கொள்வது இந்த இரண்டு வரியில்தான்.

"எப்படிப்பா அடிபட்டுது?"

"சைக்கிள்ல வந்தேன் சார். விழுந்துட்டேன்."

பின்னால் வந்த பைக் ஹேண்டில்பாரில் உரசியது, வேன் ஓரங்கட்டித் தள்ளியது என்பதெல்லாம் வலியிலும் பயத்திலும் விட்டுப்போகும். சில நேரம் இடித்தவரே கூட வந்திருப்பார். "கேஸ் கீஸெல்லாம் வேணாம்ணே, ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன்" என்பார். எக்ஸ்ரேவுக்கும் மாவுக்கட்டுக்கும் பணம் கட்டவும் செய்வார். மூன்றாவது வாரம், எலும்பு கூடவில்லை, பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது அவருடைய போன் எடுக்காது. அதற்குப் பிறகு காவல் நிலையத்துக்குப் போனால், 'சைக்கிளிலிருந்து தவறி விழுந்தார்' என்ற காகிதம் முன்னால் வந்து நிற்கும். நாளைக்கே வழக்கு நடந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் நீட்டப்போவது அந்த ஒரு காகிதத்தைத்தான்.

இடித்தவரை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. நஷ்ட ஈடு அவர் சட்டைப் பையிலிருந்து வருவதே இல்லை என்பது இருவருக்கும் தெரியாமல் போகிறதே என்பதுதான் ஆதங்கம்.

சைக்கிள் மோட்டார் வாகனம் கிடையாது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் அதற்கு வேண்டாம். ஒரு காலத்தில் உள்ளாட்சி அலுவலகத்தில் காசு கட்டிப் பில்லை வாங்கி மாட்டினார்கள். விளக்கில்லாமல் போனாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ் பிடித்தது. அதோடு சரி. 'நம்மிடம்தான் ஒரு பேப்பரும் இல்லையே, எதைக் காட்டிக் கேட்பது' என்ற தயக்கம் சைக்கிள்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. பேப்பர் இருக்க வேண்டியது இடித்த வண்டியிடம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சாலைக்கு வரும் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். வண்டி உரிமையாளர் முதல் நபர், காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். ஓரமாகப் பால் கேனோடு மிதித்துப் போகிறாரே, அவர்தான் அந்த மூன்றாம் நபர். அவர் ஒரு காசு பிரீமியம் கட்டவில்லை. ஆனாலும் அவரைக் கடந்து போகும் ஒவ்வொரு வண்டியும் அவர் உயிருக்கும் உடம்புக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் சிக்கல்தான், மறுக்கவில்லை. அப்போது உரிமையாளரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டிவரும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்ற தகராறுகளில், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன.

கையும் காலும் எத்தனை ரூபாய்?

நஷ்ட ஈடு கேட்க வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் நீதிமன்ற வளாகங்களிலும் இது நடக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்றில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஒரகடத்தில் அடிபட்ட தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே வழக்கு நடத்தலாம்.

தொகையை நீதிபதி மனம்போனபடி போடுவதில்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் வாய்பாடே வகுத்திருக்கிறது. 42 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. சுயதொழில் செய்பவருக்கு அந்த வயதில் எதிர்கால உயர்வாக 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 18,750. வருடத்துக்கு 2,25,000. 41 முதல் 45 வயது வரை பெருக்க வேண்டிய எண் 14 என்று 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பு சொல்கிறது. 31,50,000 வருகிறது. அவருடைய உழைப்புத் திறனில் 30 விழுக்காடு போய்விட்டது என்று முடிவானால், வருமான இழப்பு மட்டுமே 9,45,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, ஆட்டோ வாடகை, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, பட்ட வேதனை எல்லாம் தனிக்கணக்கு. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. "செலவ நான் பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்தின் விலை இதுதான்.

இந்தக் கணக்கில் வாதம் முழுவதும் சுற்றுவது அந்த 30 விழுக்காட்டைத்தான். மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதம் ஒன்று. அந்த ஊனத்தால் அவர் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பது வேறொன்று. இடது கை போனால் தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போயிற்று. அலுவலக எழுத்தருக்கு வேலை அப்படியே இருக்கலாம் என்று 2011ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஆகவே சாரம் ஏற முடியவில்லை, சித்தாள் வேலைக்கு இறங்கிவிட்டேன் என்பதை மேஸ்திரியை அழைத்து வந்து சாட்சி சொல்லவைப்பது ஸ்கேன் ரிப்போர்ட் அளவுக்கு முக்கியம். சம்பளச் சீட்டு இல்லையே என்று கலங்க வேண்டாம். காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று 2014இல் சையது சாதிக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அரசே சைக்கிள் கொடுத்து அனுப்பும் மாநிலம் இது. சம்பாதிக்காத பிள்ளைக்கு என்ன இழப்பு என்று கேட்ட காலம் போய்விட்டது. 2020இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வைத்து உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டது. மைனர் என்பதால் பெற்றோர் மனு போட வேண்டும். தொகை பெரும்பாலும் 18 வயதுவரை வங்கி வைப்பில் இருக்கும்.

ஆறு மாதக் கெடு

1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்த மனுவுக்குக் காலக்கெடு என்றே ஒன்று இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திருத்தத்தில் நல்லதும் உண்டு. காவல்துறை மூன்று மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, வுண்டு சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி ஒரு பைலில் போட்டு வைத்தவர்தான் ஜெயிக்கிறார். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. நசுங்கிய சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். பின் சக்கரம் வளைந்திருந்தால் பின்னாலிருந்து இடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தப்பு யார் மேல் என்றே நிரூபிக்க வேண்டாத வழியும் இருக்கிறது. சட்டத்தின் 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று நிலையான தொகை. எலும்பு முறிந்தாலும் பல் உடைந்தாலும் சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் இந்தத் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166ஆம் பிரிவில் கேட்கும் முழு இழப்பீட்டு வழி அடைபட்டுவிடும். மணிக்கட்டு முறிந்து கூடிவிட்டதென்றால் 164 போதும். வாழ்நாள் ஊனமென்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்கு என்ன செய்வது? இதுதான் இருப்பதிலேயே கசப்பான பகுதி. அடையாளம் தெரியாத வண்டி இடித்து இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் திட்டம் நடப்பில் இருக்கிறது. கோர்ட்டே வேண்டாம். வருவாய்க் கோட்ட அதிகாரி அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பம், கலெக்டரின் உத்தரவு, வங்கிக் கணக்கில் பணம். 2022இல் நாடு முழுவதும் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. எழுத்துப்பிழை இல்லை, இருநூற்று ஐந்துதான். இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது ஒரு கோவைக்காரரின் வழக்கில். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவானது. கடிதம் வராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மோட்டார் வண்டியே சம்பந்தப்படாமல், பள்ளத்தில் விழுந்து அடிபட்டால் தீர்ப்பாயம் கிடையாது; உள்ளாட்சி அமைப்பையோ நெடுஞ்சாலைத் துறையையோ எதிர்த்து உரிமையியல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று நெடுவழிதான். அதற்கு முன் பாஸ்புக்கைப் பாருங்கள். வருடம் 20 ரூபாய் பிடித்தம் ஆகியிருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. 2 லட்சம் வரை உண்டு, சைக்கிளில் தானாக விழுந்திருந்தாலும் செல்லும். ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் தொழிலாளி வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால் அது வேலையிட விபத்தாகவே கணக்கில் எடுக்கப்படும்.

விளக்கும் வழக்கும்

எதிர்த் தரப்பு எப்போதும் எடுக்கும் ஆயுதம் 'பங்குத் தவறு'. சைக்கிள்காரரும் தப்பு செய்தார், ஆகவே தொகையில் இத்தனை விழுக்காடு கழியுங்கள் என்பார்கள். ராங் சைடில் வந்தார், கை காட்டாமல் வலது பக்கம் திரும்பினார், விளக்கில்லை. இவை மூன்றும்தான் பெரும்பாலும் வரும். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. போட்டுக்கொள்வது தலைக்கு நல்லது, அவ்வளவுதான்.

விளக்கு அப்படியல்ல. இந்தியாவில் விபத்துகள் அதிகம் நடப்பது மாலை 6 முதல் இரவு 9 மணிக்குள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்கின்றன. வேலை முடிந்து சைக்கிள்கள் வீடு திரும்பும் நேரம் அது. 2022இல் மட்டும் ஏறக்குறைய 4,800 சைக்கிள்காரர்கள் சாலையில் இறந்திருக்கிறார்கள். மட்கார்டில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானும், மிதிக்கட்டைகளில் மஞ்சள் துண்டுகளும் இருந்தால் லாரிக்காரர் கண்ணில் தூரத்திலேயே படும். மிதிக்கட்டையில் இருப்பது மேலும் கீழும் ஆடுவதால் 'முன்னால் போவது சைக்கிள்' என்று உடனே உறைக்கும். வாங்கும்போது இருந்த அதுதான் முதலில் உடைந்து விழுகிறது. திரும்ப மாட்டுபவர் யாரும் இல்லை.

இன்னொன்று, லாரியின் இடது பக்கம். சிக்னலில் பஸ்ஸுக்கோ லாரிக்கோ இடப்புறம் கிடைக்கும் சந்தில் சைக்கிளை நுழைப்பது நம் ஊர் வழக்கம். முன் கதவை ஒட்டிய அந்த இடம் டிரைவர் கண்ணுக்குப் படாது. வண்டி இடப்புறம் திரும்பினால் பின் சக்கரம் உள்வாங்கிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை நிற்கும் லாரியின் பக்கத்தில் நிறுத்திக் காட்டிவிட்டால் போதும். எல்லாப் பழியையும் மிதிப்பவர் தலையில் போடுவதிலும் நியாயமில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. நடைபாதைகள் சில வந்தன. சைக்கிளுக்கான தடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே தேடி வரும் ஆட்கள். எல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல இத்தனை பர்சன்ட் குடுத்துடுங்க என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். இழப்பீட்டில் பங்கு பேசிக்கொள்வது இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல்களுக்கே தடை. வக்கீலே அல்லாத தரகருக்குக் கையெழுத்துப் போட என்ன அவசியம்? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுக்கும். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

உங்கள் தெருவில் பேப்பர் போடும் பையனோ, இரவு வாட்ச்மேன் வேலைக்குப் போகும் பெரியவரோ சைக்கிளில் அடிபட்டால், 108ஐ அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள். ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்காக ஒருமுறை படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் அன்றைக்கே, நடந்ததை நடந்தபடி எழுதிப் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். சட்ட உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.