மொட்டை மாடியில் சனி: பாதி வேலை போன் பார்க்கும்

தானா குறி வைக்கிற டெலஸ்கோப்புக்கு பட்ஜெட் இல்லையா? மயிலாப்பூர் மொட்டை மாடியில எனக்கு போனே போதுமா இருந்துச்சு. ஆனா அதுல காம்பஸை நம்பாதீங்க: தளத்துக்குள்ள இருக்கிற கம்பி அதைக் குழப்பிடும். சாய்வை அளக்கிற சென்சார் புவியீர்ப்பை வச்சு வேலை செய்யுது; கம்பி அதை ஒண்ணும் பண்ணாது.

போனை குழாய் மேல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க. முதல்ல நிலாவை நடுவுல கொண்டுவாங்க. ஸ்டெல்லேரியம் ஆப் சொல்ற உயரத்துக்கும், சாய்வு ஆப் காட்டுற டிகிரிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சுக்கோங்க. அதே வித்தியாசத்தோட சனியோட உயரத்தை வச்சுட்டு, பக்கவாட்டுல மட்டும் மெதுவா திருப்புங்க. லேட் பண்ணாதீங்க, நாலு நிமிஷத்துல ஒரு டிகிரி வரைக்கும் நகர்ந்துடும்.

அம்மா முதல்முறையா வளையத்தைப் பார்த்தது இப்படித்தான்.