தற்செயலாகக் கிடைத்த வயல்: ரூத்தின் கதையில் கடவுள் எங்கே இருக்கிறார்?

விவிலியத்திலுள்ள ரூத் நூல் மிகச் சிறியது. நான்கு அதிகாரங்கள், 85 வசனங்கள். இதில் கடல் பிளப்பதில்லை, வானதூதர் வருவதில்லை, இறந்தவர் எழுவதில்லை. கடவுளின் குரல் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. இருந்தும், இறைபராமரிப்பு என்றால் என்ன என்று விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை விவிலியத்தில் குறைவு. பஞ்சம், இடம்பெயர்வு, கணவனை இழந்த பெண்கள், விட்டுச்சென்ற காணி, வெறுங்கையோடு ஊர் திரும்புதல் என்று இக்கதையில் வரும் எதுவும் யுத்தத்தைக் கடந்து வந்த எமக்குப் புதிதல்ல.

நியாயாதிபதிகள் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. பெத்லகேம் என்ற பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அந்த ஊரிலேயே பஞ்சம் வருகிறது. எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு, சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்தானில் அமைந்த மோவாப் நாட்டுக்குப் போகிறான். அங்கே அவன் இறக்கிறான். மகன்கள் அந்நாட்டுப் பெண்களை மணக்கிறார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் அவர்களும் இறந்துபோகிறார்கள். எஞ்சியிருப்பது கணவனை இழந்த மூன்று பெண்கள். சொந்த ஊரில் பஞ்சம் தீர்ந்ததாகக் கேள்விப்பட்டு நகோமி திரும்பும்போது, ஒரு மருமகள் தன் தாய்வீட்டுக்குப் போகிறாள். மற்றவளான ரூத் மாமியாரை விட்டுப் போக மறுத்து, தான் அறியாத ஊருக்கு அவளோடு வருகிறாள்.

ஊர்ப் பெண்கள் நகோமியை அடையாளம் காணத் தடுமாறுகிறார்கள். அவள் பெயரின் பொருள் இனிமை. தன்னை இனி 'மாரா', அதாவது கசப்பு, என்று அழைக்கும்படி அவள் சொல்கிறாள். நிறைவாகப் போன தன்னைக் கடவுள் வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டுகிறாள். இந்த இடத்தில் நூல் செய்யாமல் விடும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் அவளைத் திருத்துவதில்லை. "எல்லாம் கடவுள் சித்தம், மனதைத் தேற்றிக்கொள்" என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் கோபம் விசுவாசக் குறைவாகப் பார்க்கப்படவில்லை. அது வேதநூலிலேயே இடம்பிடித்துவிட்டது.

வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலம் அது. வீட்டில் உணவில்லை. ரூத் கதிர் பொறுக்கப் புறப்படுகிறாள். அவள் போய்ச் சேர்ந்த வயல் எலிமெலேக்கின் உறவினரான போவாசுக்குச் சொந்தமானது. இதைக் கடவுள் நடத்தினார் என்று நூல் சொல்லவில்லை. 'தற்செயலாய்' நடந்ததாகவே சொல்கிறது. ஆனால் முழுக் கதையும் அந்தத் தற்செயலின் மீதே திரும்புகிறது. வாழ்ந்துகொண்டிருக்கும்போது தற்செயலாகத் தெரிவதைப் பின்னாளில் திரும்பிப் பார்க்கும்போதே வழிநடத்தலாக உணரமுடியும் என்பதே இந்நூலின் பார்வை. துயரத்தின் நடுவில் நிற்பவரிடம் அந்த அர்த்தத்தைத் திணிக்க நூலாசிரியர் முயலவில்லை.

ஆனால் அந்த வயலில் ரூத்துக்குக் கதிர் கிடைத்தது தற்செயலல்ல. அறுவடையின்போது வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்திய கதிர்களைப் பொறுக்கக்கூடாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது என்று லேவியராகமமும் உபாகமமும் விதிக்கின்றன. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. எமது வயல்களிலும் அரிவி வெட்டு முடிந்தபின் கதிர் பொறுக்கிய பெண்களைக் கண்டவர்களுக்கு அந்த உழைப்பு எவ்வளவு கடினமானது என்று தெரியும். இஸ்ரவேலில் அது பிச்சையாக இருக்கவில்லை. சட்டம் தந்த உரிமையாக இருந்தது. இறைபராமரிப்பு முதலில் இறங்கிவருவது இந்தச் சட்டத்தின் வழியாகவே.

போவாஸ் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. அந்நிய நாட்டு இளம்பெண்ணுக்கு அறுவடைக்களம் பாதுகாப்பான இடமல்ல என்பதை அறிந்து, அவளைத் தொடக்கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிடுகிறான். வேலையாட்களுக்கு மொண்டுவைத்த தண்ணீரையே அவளும் குடிக்கலாம் என்கிறான். கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொல்கிறான். அன்று மாலை அவள் கொண்டுபோனது ஒரு எப்பா அளவு தானியம். ஏறத்தாழ 22 லீற்றர். உதவி செய்யப்பட்டது, ஆனால் அவள் தன் உழைப்பின் பலனோடுதான் வீடு திரும்பினாள்.

கதையின் மையம் ஒரு சொல்லில் இருக்கிறது. முதல் சந்திப்பில் போவாஸ், நீ அடைக்கலம் தேடி வந்த கடவுளின் சிறகுகள் உன்னைக் காக்கட்டும் என்ற பொருளில் ரூத்தை வாழ்த்துகிறான். சிறகு என்பதற்கான எபிரேயச் சொல் 'கானாஃப்'. ஆடையின் விளிம்புக்கும் அதே சொல்தான். பின்னர் இரவில் களத்துமேட்டில் அவனைச் சந்திக்கும் ரூத், உமது கானாஃபை என்மேல் விரியும் என்று கேட்கிறாள். அது மணந்துகொள்ளும்படியான வேண்டுகோள். கடவுள் உனக்கு நிழல் தரட்டும் என்று வாழ்த்தியவனிடமே, அந்த நிழலாக நீரே இரும் என்று அவள் கேட்டுவிடுகிறாள்.

காணி விடயம் ஊர் வாசலில், பத்து மூப்பர்கள் முன்னிலையில் தீர்க்கப்படுகிறது. போவாசைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். காணியை மட்டும் மீட்கச் சம்மதிக்கும் அவர், ரூத்தையும் ஏற்கவேண்டும் என்றதும் தன் சொத்து கெட்டுவிடும் என்று பின்வாங்குகிறார். அவருடைய பெயரை நூல் பதிவுசெய்யவே இல்லை. எபிரேயத்தில் அவர் வெறும் 'இன்னார்'தான். பொறுப்பை ஏற்ற போவாசின் பெயரோ நிலைத்துவிட்டது. அவனுக்கும் ரூத்துக்கும் பிறந்த ஓபேத், தாவீது அரசனின் பாட்டன். மத்தேயு நற்செய்தியிலுள்ள இயேசுவின் வம்சவரலாற்றிலும் ரூத்தின் பெயர் இருக்கிறது.

நகோமியின் கணவனும் மகன்களும் திரும்பி வரவில்லை. பேரக்குழந்தை மடியில் கிடந்ததால் அவள் அவர்களை மறந்தாள் என்றும் நூல் சொல்லவில்லை. இழப்புக்குக் காரணம் கற்பிக்காமலே இழப்புக்குப் பின்னும் வாழ்வு உண்டு என்று சொல்லும் நேர்மை இந்நூலுக்கு இருக்கிறது.

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற வார்த்தையை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காணாமலாக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடமும், தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணிடமும், காணி விடுவிக்கப்படாத குடும்பத்திடமும் சொல்கிறோம். ரூத்தின் கதையிலும் கடவுள் பார்த்துக்கொண்டார். ஆனால் அதற்கு ஏழைக்கு உரிமை தந்த ஒரு சட்டமும், கூடவே நடந்து வந்த ஒரு மருமகளும், பொறுப்பேற்ற ஒரு உறவினனும், சாட்சி சொன்ன ஒரு ஊரும் தேவைப்பட்டன. அந்த வார்த்தையைச் சொல்லுமுன், எமது வயலின் ஓரத்தில் கதிர் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.