விசையை அணைத்த பின்னும்

அமெச்சூர் வானொலியர் சிலர் தம் அலைபரப்பியின் வலுவைக் கூட்ட, ஆற்றல் பெருக்கியை வீட்டிலேயே அமைப்பர். 813 என்னும் வால்வை ஏறக்குறைய 2,000 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இயக்குவதுண்டு. அதனைச் சீராக்கும் மின்தேக்கி, குடத்து நீர்போல் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். விசையை அணைத்ததும் அது வடிந்துவிடுவதில்லை. 30 மைக்ரோபாரட் மின்தேக்கியில் அப்போது 60 ஜூல் ஆற்றல் நிற்கும். அஃது உயிரையே பறிக்கவல்லது.

ஆகவே, 1 இலட்சம் ஓம் வடிகால் மின்தடையை அதற்கு இணையாகப் பூட்டுவர். அழுத்தம் 3 விநாடியில் 740 வோல்ட்டளவும், 15 விநாடியில் 14 வோல்ட்டளவும் ஆகும். அம்மின்தடையில் 40 வாட் வெப்பம் எழுமாதலின், 100 வாட் தரமே நன்று.

அம்மின்தடையும் அறுந்துபோகலாம் அன்றோ? எனவே மின் இணைப்பைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, நிலத்தோடு இணைத்த, காப்பிட்ட கைப்பிடியுடைய உலோகக் கோலால் மின்தேக்கியின் முனையைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். மாணாக்கருக்குக் கருவி அமைக்கக் கற்பிக்குமுன் இவ்வொழுங்கைக் கற்பிப்போமாக.