வெள்ளைத் தாள் கறுப்பாகும், தெரியுமா?

ஃபோட்டோ எடுக்க ஆளுக்குப் பின்னால் கட்டுகிற ஒரே வெள்ளைத் தாள். பெயின்ட் தொடவில்லை, கணினியில் மாற்றவில்லை. அதுவே படத்தில் சாம்பலாகும், கறுப்பாகும், ஆசைப்பட்டால் குங்குமச் சிவப்பும் ஆகும். தெரியுமா?

சூட்சுமம் தூரத்தில் இருக்கிறது. லைட்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? கால் பங்காகிவிடும்! முகம் லைட்டிலிருந்து 2 அடியில் இருக்கட்டும். பின்னால் தாள் 4 அடியில் என்றால் அதற்குக் கிடைப்பது 4-இல் 1 பங்கு. வெள்ளை அப்போதே சாம்பல். 8 அடியில் 16-இல் 1 பங்கு. பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி. 16 அடிக்குத் தள்ளினால் 64-இல் 1 பங்குதான். பார்ப்பவர்கள் கறுப்புத் துணி என்றே சத்தியம் செய்வார்கள். (வெள்ளையடித்த சின்ன ஹாலில் இது பலிக்காது. வெளிச்சம் சுவரெல்லாம் மோதித் தாளுக்கே திரும்பி வந்துவிடும்.)

சரி, வெள்ளை வெள்ளையாகவே விழ வேண்டுமே? அப்போது தாளுக்கென்று தனி லைட் வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்க லைட்டைத் தாளின் வலது ஓரத்துக்கும், வலப்பக்க லைட்டை இடது ஓரத்துக்கும் திருப்ப வேண்டும். குறுக்கே! கிட்ட இருக்கிற ஓரம் தானாகவே வேண்டிய அளவு வாங்கிக்கொள்கிறது. குறி எட்டாத ஓரத்துக்குத்தான். இரண்டு லைட்டும் சமமா என்று பார்க்க ஒளி அளக்கும் மீட்டர்கூட வேண்டாம். ஒரு பென்சிலைத் தாளின் நடுவில் நேராக நிறுத்துங்கள். இருபுறமும் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே கறுப்பில் இருந்தால் நடுவில் இரண்டு லைட்டும் சமம். ஒன்று அழுத்தமாக இருந்தால் எதிர்ப்பக்க லைட் ஓங்கியிருக்கிறது. வெறும் பென்சில்!

முகத்துக்கு மீட்டர் எஃப் 8 காட்டினால் தாளுக்கு எஃப் 11, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், போதும். இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று ஏற்றினால், தாளே ஒரு ராட்சச விளக்காகிவிடும். பின்னாலிருந்து அது வீசுகிற வெளிச்சத்தில் காது மடலும் முடி நுனியும் கரைந்தே போகும். ஆளை 6, 7 அடி முன்னால் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் கறுப்படித்த தெர்மகோல் பலகையை நிறுத்தினால் அடங்கும்.

அந்த 6 அடியின் அருமை எனக்கு ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோவில்தான் புரிந்தது. காதுக்குப் பின்னால் மூன்றாவது காது முளைத்த மாதிரி ஒரு நிழல்! ஸ்டூல் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு லைட்டையும் உயர்த்தியிருந்தால், நிழல் கீழே இறங்கிப் படத்துக்கு வெளியே போயிருக்கும்.

லைட்டே இல்லாமல் தூய வெள்ளைப் பின்னணி கிடைக்குமா? கிடைத்திருக்கிறது! அமெரிக்காவின் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அந்நாட்டு மேற்குப் பகுதி முழுக்கச் சுற்றி, சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் எடுத்தார். ஸ்டுடியோ கிடையாது, விளக்கு கிடையாது. திறந்தவெளியில், நிழலான இடத்தில், வெள்ளைத் தாளைக் கட்டி அதன் முன் ஆளை நிறுத்தினார். நிழலில் ஆளுக்கும் தாளுக்கும் ஒரே வெளிச்சம்தானே! 2 அடி, 8 அடிக் கணக்கெல்லாம் சூரியனிடம் செல்லாது.

‘நான் ஏன் இவ்வளவு கறுப்பா விழுந்திருக்கேன்?’ என்று கேட்காத அத்தை உண்டா? பழி பவுடர் மீது விழும். ஆனால் அதே முகம் வெள்ளைக்கு முன்னால் கறுத்தும், இருட்டுக்கு முன்னால் வெளுத்தும் தெரியும். கண் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் எதையும் பார்க்கிறது. போதாததற்கு, ஆட்டோவில் விட்ட கேமரா வெள்ளைச் சுவரைப் பார்த்து ‘அடேயப்பா, வெளிச்சம் அதிகம்’ என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். இருட்டுப் பின்னணியில் முகம் பிழைக்கும், ஆனால் நம் கருங்கூந்தல் அதில் கரைந்து காணாமல் போகும். மொட்டைத் தலையா, முடியா என்றே தெரியாது!

அதற்குத்தான் முதுகுக்குப் பின்னால் தரையோடு ஒரு குட்டி லைட். ஆளே அதை மறைத்துக்கொள்வார். தாளை நோக்கி அண்ணாந்து வைத்தால் தலைக்கும் தோளுக்கும் பின்னால் ஒளி வட்டம் எழும்; நடராஜர் சிலைக்குத் திருவாசி மாதிரி. லைட் தாளுக்குக் கிட்டப் போனால் வட்டம் சுருங்கி நடுவில் வெளுக்கும், விலகினால் விரிந்து மெத்தென்று பரவும். அதன் மேல் சிவப்பு ஜெல் (லைட்டுக்குப் போடும் நிறத் தாள்) போட்டால் குங்குமம், நீலம் போட்டால் அந்தி வானம். முகத்து லைட் தாளில் ஒரு கீற்று சிந்தினாலும் நிறம் வெளிறிவிடும்.

தாள் வாங்கக் காசில்லையா? வீட்டுப் போர்வையைக் கட்டுங்கள். லைட்டைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு கசங்கலும் மலைத்தொடராக எழுந்து நிற்கும். அதே லைட்டைக் கேமரா பக்கம் கொண்டுவந்து நேராக அடியுங்கள். இஸ்திரி போட்டது யார் என்று கேட்பார்கள்.